தொண்ணூற்றொன்று

அத்தியாயம் பதினேழு

கோப்பை வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அதில் டி.வி. ரிமோட்டும், ஏ.சி. ரிமோட்டும், யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு நகவெட்டியும் குடியேறிவிட்டன. பூஜை அறையா, டி.வி. பக்கமா என்று போன அத்தியாயத்தில் நடந்த வாக்குவாதத்தில் சாம்பசிவத்தின் மனைவி சாவித்ரி ஜெயித்தாள் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கோப்பை எப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் கோல்ஃப் போட்டியில் சாம்பசிவமும், அவர் மகன் கௌஷிக்கின் ஆபீஸ் மேலதிகாரி வெங்கட்ரமணனும் ஒரே குழுவில் ஆடினார்கள். கடைசியில் இருவரும் சமம். அப்படி வந்தால் பின்பாதி ஒன்பது குழிகளில் யார் குறைய அடித்தார் என்று பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள். சாம்பசிவத்துக்குக் கொடுத்தார்கள்.

நடுவில் ஒருமுறை வெங்கட்ரமணனின் பந்து புதருக்குள் போனது. சற்று நேரத்தில் அது புல்தரையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அந்தச் சமயம் சாம்பசிவம் ஒரு மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌஷிக்கின் ஆபீஸில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள். யார் இருக்கலாம், யார் போகலாம் என்று எழுதும் பேனா வெங்கட்ரமணன் கையில். தையில் கௌஷிக்குக்கும் ஹம்ஸினிக்கும் கல்யாணம். ஆகவே மயில் அன்றைக்கு ரொம்ப அழகாக இருந்தது.

இந்த வாரக் கதை ஒரு மூக்குக்கண்ணாடியிலிருந்து தொடங்குகிறது.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சாம்பசிவத்துக்கு போனில் இருக்கும் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வலமாகத் தெரிந்தது. ஆடிவிட்டு வந்ததும் எண்ணிக்கையைச் சொல்வார், சாவித்ரி கிளப்பின் ஆப்பில் ஏற்றுவாள். ஒரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. வியாழக்கிழமை காலை புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் காரியமாகத் தன் பழைய ஆட்டங்களையெல்லாம் பார்த்து ரசிக்கலாம் என்று போனைத் திறந்தார்.

ரசிக்க முடியவில்லை.

"சாவித்ரி, இங்கன வா. இது என்னது, தொண்ணூத்தி ஒண்ணு?"

"ஒங்க மார்க்குதான்." அடுக்களையிலிருந்தே பதில் வந்தது.

"நான் அடிச்சது தொண்ணூறுல்லா? அந்தக் கடைசிக் குழில முழம் தூரத்துல இருந்த பந்தத் தள்ளத் தெரியாம நின்னேன். சாகுற வரைக்கும் மறக்காது."

"ஆமா, தொண்ணூறுன்னுதான் சொன்னிய."

"பின்ன?"

சாவித்ரி கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். இவ்வளவு படித்த மனுஷனுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"தொண்ணூறுன்னு எப்படிங்க போடுதது? சைபர்ல முடியுதே."

"முடிஞ்சா?"

"மொய் எழுதும்போது நூறுன்னா எழுதுதிய? நூத்தி ஒண்ணுதான எழுதுதிய? சைபர்ல முடிச்சா அதோட நின்னு போயிரும். கண் ஆபரேஷன் முடிஞ்ச மனுஷன், இன்னும் நெறய நாள் ஆடணும்லா. அதான் ஒண்ணு கூட்டிப் போட்டேன்."

சாம்பசிவம் போனை விரலால் தள்ளிக்கொண்டே போனார். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றுநாலு. நூற்றொன்று. மறுபடி தொண்ணூற்றொன்று. ஒரு வருஷ ஆட்டத்தில் பூஜ்யத்தில் முடிந்த எண் ஒன்றுகூட இல்லை. கல்யாண மண்டப வாசலில் உட்கார்ந்து எழுதியது போல அத்தனையும் மங்களகரமாக இருந்தது.

"எத்தன தடவ இப்படிச் செஞ்ச?"

"சைபர் வந்தப்பல்லாம். கூட்டித்தானங்க போட்டேன், கொறச்சா போட்டேன்?"

"ஏட்டி, கோல்ஃபுல கூட்டுததுதான் களவு!"

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், அவர்கள் எப்படியும் பந்தைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். இந்த ஆட்டத்தில் குறைய அடித்தவன் ஜெயித்தவன். ஆனால் சுமாராக ஆடுகிறவனும் சந்தா கட்டுகிறானே, அவன் மனம் நோகக் கூடாது. அதனால் அவனுக்கு ஹேண்டிகேப் என்று ஒரு தள்ளுபடி உண்டு. பழைய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, இவனுக்கு இத்தனை அடி கழித்துக்கொள்ளலாம் என்று ஆப் சொல்லும். பழைய எண்கள் கூடக்கூடத் தள்ளுபடியும் கூடும். ஆகவே நன்றாக ஆடிவிட்டு மோசமாக ஆடியதாக எழுதிக்கொள்வது கனவான்களின் இந்த விளையாட்டில் தனி விளையாட்டு.

சாம்பசிவம் அதை ஆடியதில்லை. ராணுவத்துக்குச் சாமான் செய்யும் நிறுவனத்தில் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தலைமுடி அளவு கூடியிருந்தால்கூட ஒரு லோடு சாமானைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பட்டான்செரு சப்ளையர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. நிறுவனத்தின் புண்ணியத்தில் கிடைத்த கிளப் உறுப்பினர் அட்டையும், யாரோ ஒரு கர்னல் கழித்துப்போட்ட மட்டைகளும்தான் அவருடைய கோல்ஃப்.

"அப்பம் அந்தத் தள்ளுபடி?" என்றாள் சாவித்ரி.

"ஒண்ணு கூடியிருக்கும். அந்த ஒண்ணுலதான் சமமா வந்தேன்." கோப்பையைப் பார்த்தார். நகவெட்டி எட்டிப் பார்த்தது. "சீ! அத அங்கேருந்து எடு. பாக்கவே கொமட்டுது."

"இப்பம் என்ன குடி முழுகிப்போச்சு? ஒண்ணுதான?"

அந்த 'ஒண்ணுதானே' அவருக்குப் புதிதல்ல. வேலையில் இருந்த காலமெல்லாம் அதைக் கேட்டுத்தான் அவருக்குக் காது நரைத்தது. சொன்னவர்களையெல்லாம் வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். இவளை எந்த வாசலில் விடுவது?

கௌஷிக் இட்லித் தட்டோடு வந்து உட்கார்ந்தான். ஒரு கையில் இட்லி, ஒரு கையில் போன், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. விஷயம் கேட்டு முதலில் சிரித்தான்.

"அம்மா மொய் எழுதிட்டாங்களா? ஹவ், சூப்பர்மா."

"நான் இன்னைக்கே கிளப்புக்குப் போயி எல்லாத்தையும் திருத்தப் போறேன்."

"நக்கோப்பா, வேணாம்! ஒண்ணுதானே? கிளப்ல எல்லாரும் அஞ்சு, பத்துன்னு ஏத்திப் போட்டு ஆடறாங்க. யாரு பாக்குறா?"

"எல்லாவனும் சாக்கடையில குளிக்கான்னா நானும் எறங்கணுமால?"

"போய் என்னன்னு சொல்வீங்க? அசிங்கமா இருக்கும்ப்பா. ஜெயிச்சதுக்கு அப்புறம் யாராவது போய் தப்புன்னு சொல்வாங்களா?"

"சொல்லிக் கோப்பையத் திருப்பிக் குடுத்துட்டு வருவேன்."

"அத வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டாவதா வந்த ஆளுக்குக் குடுப்பாங்க."

"ரெண்டாவது யாரு..." என்று தொடங்கிய கௌஷிக் நிறுத்தினான். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த இட்லியும் பாதி வழியில் நின்றது.

"அப்பா," என்றான் கௌஷிக். குரல் திடீரென்று கோயில் பிரசாதம் வாங்குகிறவன் குரலாகியிருந்தது. "யோசிச்சுப் பாத்தா நீங்க சொல்றதுதான் கரெக்ட். தப்பு தப்புதானே? ஒண்ணா இருந்தா என்ன, நூறா இருந்தா என்ன? இன்னைக்கே திருத்தணும். நான் கார்ல கொண்டு விடறேன்."

"ஒனக்கு மீட்டிங் இல்ல?"

"கேன்சல் பண்ணிடறேன்."

மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் போகிறாரே என்று ஒருநாள்கூட இரங்காத மகன். சாம்பசிவத்துக்கு வாயில் இருந்த காபி, பாலில் பல்லி விழுந்ததைப் பாதி குடித்தபின் கேட்டது போல ஆனது. சரியான காரியத்தைச் செய்யச் சொல்கிறான். மறுக்கவும் முடியவில்லை.

"காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் மெட்ரோல போய்க்கிடுதேன்."

"கோப்பையோடயா? கூட்டத்துல நசுங்கிடும்ப்பா."

அதற்குள் சாவித்ரி கோப்பையைப் புளி போட்டு விளக்கி, உள்ளே எதையோ நிரப்பி, மேலே துண்டைக் கட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னது?"

"முந்திரிக்கொத்து. வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுங்க."

"இது பாத்திரமில்ல, கோப்பை."

"கோப்பைன்னா பாத்திரம் இல்லாம வேற என்னவாம்?"

குகட்பள்ளியிலிருந்து பேகம்பேட் போகும்வரை கௌஷிக் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு சிக்னலிலும் போனை எடுத்து ஏதோ தட்டினான். சாம்பசிவம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பை. முந்திரிக்கொத்து வாசனை வண்டியெல்லாம் பரவி, இது ஏதோ சம்பந்தி வீட்டுப் பயணம் என்கிற தோற்றத்தைக் கொடுத்தது.

ஏற்றிய எண்ணை உறுப்பினர் தானே திருத்த முடியாது. ஹேண்டிகேப் கமிட்டிதான் திருத்த வேண்டும். கமிட்டியின் தலைவர் ஜம்புநாதன். செகந்திராபாத்தில் பிறந்து செகந்திராபாத்திலேயே தொந்தி வைத்தவர். சாம்பசிவம் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"முபாரக்கோ யார்! வாழ்த்துய்யா!"

"எதுக்கு?"

"இத்தன வருஷமா உன்னப் பாத்தாலே எங்களுக்கு பயம்யா. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கும். இப்பதான் நம்ம ஆளாயிருக்கே."

"நான் செய்யல ஜம்புநாதன். சாவித்ரி, சைபர்ல முடியக் கூடாதுன்னு..."

"ஹவ், ஹவ், அப்படித்தான்." ஜம்புநாதன் ஒரு கண்ணைச் சிமிட்டினார். "என் கணக்கும் என் வீட்டம்மாதான் பாக்கறா. அவளுக்கு ரொம்ப தாராள மனசு."

சாம்பசிவத்தின் காது மடல்கள் சூடாயின. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்ன உண்மையை ஒருவர் ரசித்திருக்கிறார், நல்ல பொய் என்று.

"திருத்திக் குடுங்க. போறேன்."

"நக்கோ. உன்னோடத நோண்டினா பக்கத்துல இருக்கறதும் நாறும். மிசஸ் ரெட்டில ஆரம்பிச்சு எல்லாரும் வந்து நிப்பாங்க, அவனோடதப் பாரு, இவனோடதப் பாருன்னு. அப்பறம் இந்த கிளப்ல ஆடறதுக்கு யாரு மிச்சம் இருப்பா? தோட்டக்கார மாலியா?"

"அப்பம் எல்லாருக்கும் தெரிஞ்சுதான் நடக்குதா?"

"யாருக்குத் தெரியாது? ஒண்ணுதானே விடுய்யா. சாய் குடி."

இரண்டு பேருக்கு நடுவில் நின்றிருந்த கௌஷிக் மெல்லக் குனிந்தான். "அங்கிள், திருத்தினா கோப்பை வெங்கட்ரமணன் சாருக்குப் போகும். எங்க ஆபீஸ்..."

ஜம்புநாதன் சாய்க் கிளாஸை வைத்துவிட்டார். முகத்தில் சூரியன் உதித்தது.

"அரே, கைக்கு? ஏன் மொதல்லயே சொல்லல? அந்த ஆள் குறைக்கற விஷயமா? பேப்பர்ல பாத்தேன். அப்பன் மகனுக்காக ஜெயிச்ச கோப்பையையே கொண்டாந்து குடுக்கறான், அதுவும் தப்பைத் திருத்தறேன்னு சொல்லி. வாஹ்! இந்த மூளையெல்லாம் எங்கய்யா வச்சிருந்தே?"

"ஜம்புநாதன், இது அதுக்காக இல்ல."

"இல்லவே இல்ல. நான் அப்படிச் சொன்னேனா? பத்மஜா! சாம்பசிவம் சார் கார்டெல்லாம் எடும்மா. உடனே திருத்திடு." துண்டு அவிழ்ந்திருந்த கோப்பைக்குள் கைவிட்டு ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார். "ஸ்வீட்டோட வேற வந்திருக்கே. ஏ-ஒன் ஆளுய்யா நீ."

சாம்பசிவம் துண்டை இழுத்துக் கோப்பையை மூடினார். எதைச் சொன்னாலும் இவர்கள் நாக்கில் பட்டுத் திரும்பி வரும்போது எச்சிலாகத்தான் வரும். சட்டைக் காலரில் ஏதோ ஊர்வது போலிருந்தது. துடைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

பக்கத்து அறையில் கிளப் குமாஸ்தா பத்மஜா காரணம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவர் கிளப்பில் கொடுத்திருந்த கார்டுகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, கம்ப்யூட்டரில் மாற்றினாள்.

"இது நைன்டி. மாத்தியாச்சு சார். இது ஹண்ட்ரட். மாத்தியாச்சு."

காலையிலிருந்து முதல் தடவையாக சாம்பசிவத்துக்கு மூச்சு சீராக வந்தது. திரையில் ஒவ்வொரு ஒன்றும் விழுந்து பூஜ்யமாக நின்றபோது, பல்லிடுக்கில் கிடந்த நார் ஒன்று வெளியே வருவது மாதிரி இருந்தது. சாவித்ரி பார்த்தால் அபசகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவருக்கு அந்தப் பூஜ்யங்கள் அழகாகத் தெரிந்தன.

"தள்ளுபடி ஒண்ணு குறைஞ்சிருச்சு சார். இப்ப ஃபர்ஸ்ட் வெங்கட்ரமணன் சார்." பத்மஜா இன்னொரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "ஜெயிச்சவங்க கார்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். மார்க்கர் நீங்கதானே? சரியா இருக்கான்னு ஒருமுறை பாத்துடுங்க சார்."

ஆட்டத்தில் ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் எழுதுவதுதான் முறை. எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். இவர் சரியாகச் சொல்கிறார், நான் பார்த்தேன் என்று அதற்குப் பொருள்.

புதுக் கண்ணாடியில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கீழே அவருடைய கையெழுத்து, எத்தனையோ சாமான்களை நிராகரித்த அதே கையெழுத்து. மேலே பதினான்காம் குழிக்கான கட்டத்தில் ஓர் ஐந்து. அந்த ஐந்தின் வயிற்றை அவரைப் போல உருட்டி எழுத யாராலும் முடியாது.

புதர் இருந்தது அந்தக் குழியில்தான். வெங்கட்ரமணனின் ஷூ முனை நீண்டதும், இலைகள் அசைந்ததும், பந்து வெளியே உருண்டதும். தண்டனையாகச் சேரும் இரண்டு அடியோடு கணக்குப் பார்த்தால் ஏழு. "ஃபைவ், அங்கிள்," என்றார் வெங்கட்ரமணன். இவர் ஐந்து என்று எழுதினார்.

மயில் அவ்வளவு நேரம் நின்றிருக்கவில்லை. அது பறந்துபோன பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவித்ரி தெரியாமல் ஒன்று கூட்டினாள். அவளைக் களவு என்று சொன்ன வாய் இது. தெரிந்தே இரண்டைக் கழித்த கையும் இதே உடம்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காலையிலிருந்து ஒவ்வொருவர் மேலாகத் தேடிக்கொண்டிருந்த அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்தது. சாம்பசிவம் கையை வேட்டியில் துடைக்கப் போய், பேண்ட் போட்டிருப்பது நினைவுக்கு வந்து, பேண்டிலேயே துடைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கௌஷிக் வந்தான். முகமெல்லாம் பல். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அப்பா, சார் பேசறாரு! பேசுங்க."

"அங்கிள்!" வெங்கட்ரமணனின் குரல் அறை முழுவதும் பரவியது. "என்ன அங்கிள் இது? இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா? ஐயாம் டச்ட். கௌஷிக் உங்க பையன்னு நெனச்சாலே பெருமையா இருக்கு. அவனப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. அத நான் பாத்துக்கறேன்."

கௌஷிக் போனுக்குத் தெரியாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தை மாதக் கல்யாணத்தின் நாதஸ்வரம் அவன் கண்ணில் கேட்டது. அடுத்த அறையிலிருந்து ஜம்புநாதன் இன்னொரு முந்திரிக்கொத்தைக் கடிக்கும் சத்தமும் கேட்டது.

"லைன்ல இருக்கீங்களா அங்கிள்?"

சாம்பசிவம் மகனைப் பார்த்தார். அவன் இவ்வளவு வாய்நிறையச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குக்கூட இப்படிச் சிரிக்கவில்லை.

பத்மஜா வேலையை முடிக்கும் முகத்தோடு நிமிர்ந்தாள். "வேற ஏதாவது திருத்தணுமா சார்? இல்லன்னா நோட்டீஸ் போர்டுல போட்டுடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். ஐந்து, ஐந்தாகவே இருந்தது.

"இருக்கும்மா," என்றார். "பதினாலாவது குழி. அஞ்சு இல்ல, ஏழு."

"யாரு கார்டு சார்?"

சாம்பசிவம் கார்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

போனில் பேச்சு நின்றது. கௌஷிக்கின் கட்டைவிரல் மட்டும் இன்னும் உயர்ந்தே இருந்தது. சேதி அதுவரை போய்ச் சேரவில்லை.